கனகாவுக்குத் தெரியக் கூடாது

ஜனவரி 7, புதன்

காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனது. பீட்ரூட்தான் காரணம் என்று முடிவு செய்துகொண்டு பல் துலக்கப் போனேன். காபி குடிக்கும்போது கனகாவிடம் மெதுவாக விசாரித்தேன்.

"நேத்து பீட்ரூட் பொரியல்தானே?"

"கத்திரிக்கா."

"முந்தாநாள்?"

"புடலங்கா. இன்னாத்துக்கு இப்போ காய்கறிக் கணக்கு?"

"சும்மா. பீட்ரூட் சாப்ட்டு நாளாச்சேன்னு."

மத்தியானம் பீட்ரூட் பொரியல் செய்துவிட்டாள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட வேண்டியதாயிற்று. நாளைக்கு என்ன நிறம் வந்தாலும் காரணம் எதுவென்று எனக்கே தெரியப்போவதில்லை.

ஜனவரி 8, வியாழன்

தெரிந்துவிட்டது. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிறத்தில் என்னை ஏமாற்ற முடியாது. பீட்ரூட் ஊதா கலந்தது. இது ஊதா இல்லாத சிவப்பு. நடுவில் துணுக்குத் துணுக்காக ரத்தக் கட்டி வேறு.

ஜனவரி 9, வெள்ளி

மறுபடியும் அதே. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன்பு புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று எடுத்துப் போட்டார்கள். அடுத்த வருடமே ரத்தப் பரிசோதனையில் புற்றுநோயைக் காட்டும் எண் கொஞ்சம் தலைதூக்கியது என்று கதிர்வீச்சு கொடுத்தார்கள். அப்புறம் எண் விழுந்தது விழுந்ததுதான். ஒவ்வொரு வருடமும் பரிசோதனை முடிவு வந்ததும் நானும் கனகாவும் பெரம்பூர் கடைத்தெருவுக்குப் போய் ஆளுக்கொரு ரோஸ் மில்க் குடிப்போம். மற்றபடி சில்லறைச் சேதாரங்கள் உண்டு. அடக்க முடியாது, அதனால் உள்ளே பேடு வைத்துக்கொண்டுதான் வெளியே போவேன். குடல் பக்கமும் அப்படித்தான், அவசரம் வந்தால் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. மூலக்கடையிலிருந்து பாரிமுனை வரைக்கும் எந்த ஓட்டலில் கழிப்பறை சுத்தம், எந்தக் கல்லாக்காரர் முகம் சுளிக்க மாட்டார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆனால் கனகாவுக்குத் தெரியக் கூடாது.

காரணம் இருக்கிறது. மார்ச்சில் திருச்சியில் மாநில மூத்தோர் கேரம் போட்டி. கனகவல்லி ஒரு காலத்தில் தபால் துறை அணியில் ஆடியவள். எனக்கு ஆபரேஷன் என்றதும் போர்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கதிர்வீச்சு முடிந்து நான் சாதாரணமாக நடமாடிய பிறகும் இரண்டு மூன்று வருடம் அதை வெளியே எடுக்கவில்லை. திரும்ப ஆட ஆரம்பித்ததிலிருந்து மூன்று முறை மாநிலப் போட்டிக்குப் போய், மூன்று முறையும் காலிறுதியில் தோற்று வந்தாள். இந்த வருடம் அவள் விரல் நன்றாகப் பேசுகிறது. மறுபடியும் என்னால் அந்த போர்டு கட்டிலுக்கு அடியில் போகக் கூடாது.

ஜனவரி 12, திங்கள்

சைக்கிள் டயர் மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டு பழைய ஆஸ்பத்திரிக்கே போனேன். எனக்கு ஆபரேஷன் செய்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நாற்காலியில் டாக்டர் நிலோஃபர் என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. நான் சிறுநீரை "அது" என்றும், உறுப்பை "அங்கே" என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"சார், காலையிலேர்ந்து நான் இதையேதான் பார்க்கறேன். தைரியமா பேர் சொல்லிப் பேசுங்க."

சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை, கூரை அங்கேயேதான் இருந்தது.

பிறகு விளக்கினார். கதிர்வீச்சு புற்றுநோயை மட்டும் சுடாது, பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையையும் கொஞ்சம் சுடும். அங்குள்ள ரத்தக் குழாய்கள் மெல்ல மெல்ல நலிந்துபோகும். அதற்குப் பதிலாகப் புதிதாக முளைக்கிற குழாய்கள் நூல் மாதிரி இருக்கும், தொட்டால் கசியும். பத்து வருடம் கழித்துக்கூட இது ஆரம்பிக்கலாம்.

"அப்போ பழைய வியாதி இல்லையா?"

"இல்லைன்னு உறுதிப்படுத்திக்கணும். ரத்தம் டெஸ்ட் பண்ணுவோம். கேமரா விட்டு உள்ளே பார்ப்போம். அதுக்கப்புறம் சொல்றேன். வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க."

வீட்டில் எல்லாரும் பிஸி என்றேன். வீட்டில் இருப்பது ஒருத்திதான்.

திரும்பி வந்தபோது கனகா சைக்கிளைப் பார்த்தாள். டயர் பழைய டயராகவே இருந்தது. கடை மூடியிருந்தது என்றேன். "சரி" என்றாள்.

ஜனவரி 13, செவ்வாய்

முன்பக்கத்து ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சை அடித்தேன்.

ஜனவரி 14, புதன்

போகி. பின்பக்கத்து ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி, கேட். கேட்டுக்கு இரண்டு கோட்டிங். பரிசோதனை முடிவு பொங்கல் கழித்துத்தான் வரும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். துணி உலர்த்தும் கம்பி துருப்பிடித்திருந்தது. அதற்கும் பச்சை அடித்தேன். "நாளைக்கு நான் அசந்து தூங்குனா எனக்கும் அடிச்சிடுவீங்க போல" என்றாள் கனகா. சிரித்தோம். இந்த வீட்டில் நான் பயந்துகொண்டிருப்பதாக யாரும் சொல்ல முடியாது.

ஜனவரி 20, செவ்வாய்

கேமரா பரிசோதனை. மரத்துப்போக மருந்து தடவினார்கள், ஆனாலும் அது ஒன்றும் குற்றாலக் குளியல் இல்லை. பக்கத்தில் டி.வி. அதில் என் சிறுநீர்ப்பை. வெளிர் ரோஜா நிறத்தில் சுவர், அதன்மேல் சிவப்புக் கம்பி மத்தாப்பு கொளுத்தியதுபோல் இழை இழையாகக் குழாய்கள். இரண்டு இடத்தில் கசிந்துகொண்டிருந்தது.

"பாருங்க சார், புற்றுக் கட்டி எதுவும் இல்லை. ரத்த டெஸ்ட்லயும் எண் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு. புற்றுநோய் திரும்பலை. இது கதிர்வீச்சோட வேலைதான்."

நான் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். நர்ஸ் டிஷ்யூ பேப்பர் எடுத்துக் கொடுத்தார். கண்ணில் தூசி என்றேன். மல்லாந்து படுத்திருப்பவன் கண்ணில் எப்படித் தூசி விழும் என்று அவர் கேட்கவில்லை. நல்ல பெண்.

சிகிச்சை உண்டு. ஆஸ்பத்திரியிலேயே ஒரு பிராணவாயு அறை இருக்கிறது. அழுத்தம் கூட்டிய அந்த அறைக்குள் முகமூடி போட்டு சுத்தமான பிராணவாயுவை இழுக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். நலிந்த இடத்தில் உருப்படியான குழாய்கள் வளருமாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அடக்கி வைக்கக் கூடாது. அதில் எனக்குப் பிரச்சினை இல்லை, அடக்குவது என் கையில் இல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்தால் மேஜைமேல் அரைக் கிலோ ஜாங்கிரி. "இன்னா விசேஷம்?" என்று கேட்டேன். "தோணுச்சு, வாங்கினேன்" என்றாள் கனகா. அவள் கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. கேரம் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை போல.

ஜனவரி 26, திங்கள்

தினமும் காலையில் எங்கே போகிறேன் என்பதற்கு ஒரு பொய் வேண்டும். மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யே இல்லை.

"நல்லது. ஒழுங்கா மூச்சு விட்டுட்டு வாங்க" என்றாள்.

ஜனவரி 27, செவ்வாய்

பிராணவாயு அறை சின்ன ரயில் பெட்டி மாதிரி இருக்கிறது. வட்ட ஜன்னல், எதிரெதிரே இருக்கைகள். பெயின்ட் வேலை படுமோசம், மூலையெல்லாம் வழிந்து காய்ந்திருக்கிறது. உள்ளே பிராணவாயு என்பதால் தீப்பொறிக்குப் பயம். பருத்தித் துணி மட்டும்தான், தலைக்கு எண்ணெய் கூடாது, செல்போன் கூடாது. நான் பாலியெஸ்டர் சட்டையில் போயிருந்தேன். திட்டு வாங்கி, அவர்கள் கொடுத்த அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

எதிரில் ஒரு பெரிய மீசைக்காரர். அந்தோணிராஜ், காசிமேட்டில் ஐஸ் வியாபாரம்.

"இன்னா அண்ணாத்த, புதுசா? பயந்துக்காத. காது கும்முனு அடைக்கும். மூக்கைப் புடிச்சி ஊது, விட்ரும். உனுக்கு இன்னா, காலுல புண்ணா?"

"இல்ல... சும்மா, ஒரு சின்ன..."

"புராஸ்டேட்டா? கரண்ட்டு, அதான் ரேடியேசன், குடுத்தாங்களா? ரத்தமாப் போவுதா? அட, நம்ம கேஸு!" கையைக் குலுக்கினார். சர்க்கரைப் புண்ணுக்காக வந்திருந்த இரண்டு பெண்கள் எங்களையே பார்த்தார்கள். எனக்கு அந்த வட்ட ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம்போல் இருந்தது. நல்லவேளை, அதற்குள் முகமூடி மாட்டிவிட்டார்கள்.

ஜனவரி 28, புதன்

குளித்துவிட்டு வந்தால் கட்டில்மேல் பருத்திச் சட்டை எடுத்து வைத்திருந்தாள். "வெயில் ஆரம்பிச்சிடுச்சில்ல" என்றாள். ஜனவரியில் என்ன வெயிலோ. எனக்கு வேலை மிச்சம்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் காணவில்லை. தீர்ந்துவிட்டதாம், வாங்க மறந்துவிட்டாளாம். அதிர்ஷ்டம் என்னைத் தேடித் தேடி வருகிறது.

பிப்ரவரி 2, திங்கள்

தனக்கு உடம்புச் சூடு என்று பானை நிறைய பார்லித் தண்ணீர் காய்ச்சுகிறாள். தனியாகக் குடிக்கப் பிடிக்கவில்லையாம், எனக்கும் சொம்பு சொம்பாகத் தருகிறாள். பழைய வெள்ளைப் போர்வைகளைப் பரணில் போட்டுவிட்டு அரக்கு நிறத்தில் இரண்டு வாங்கியிருக்கிறாள். அழுக்குத் தெரியாதாம். மனைவி சந்தேகப் பிராணியாக இல்லாதது பெரிய பாக்கியம்.

பிப்ரவரி 5, வியாழன்

சாயங்காலம் ஆடினோம். 25-6. நான் வாங்கிய ஆறு. அவள் ராணியை மூலையிலிருந்து திருப்பி எடுத்த விதத்தைப் பார்த்து, தோற்ற நானே எழுந்து நின்று கை தட்டினேன். எழுந்ததில் கொஞ்சம் கசிந்துவிட்டது. அது பழைய கணக்கு.

பிப்ரவரி 11, புதன்

அந்தோணிராஜ் பிராணவாயு அறையில் இப்போது தலைவர் மாதிரி. அழுத்தம் ஏறி முடிக்கும்வரை கதை சொல்வார். மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் தனக்கு அவசரம் வந்ததையும், தான் வரும்வரை ஃபாதர் பிரசங்கத்தை நீட்டியதையும் இன்று சொன்னார். சர்க்கரைப் புண் அம்மாக்கள் முகமூடிக்குள்ளேயே சிரித்தார்கள். கண்ணாடிக்கு வெளியே இருந்த டெக்னீஷியன் மைக்கில் அதட்டினார்: "சிரிக்காதீங்க, மாஸ்க் லீக் ஆவுது!"

"மாஸ்க் மட்டுமா லீக் ஆவுது?" என்றேன் நான்.

எனக்கே ஆச்சரியம். நான்தான் சொன்னேன், அத்தனை பேருக்கு நடுவில்.

வெளியே வந்ததும் அந்தோணிராஜ் கேட்டார். "வூட்ல இன்னும் சொல்லலியா? இன்னா மன்சன் நீ? என் பொண்டாட்டிக்கு என்னியவிட நல்லாத் தெரியும், எப்போ எவ்ளோ போச்சுன்னு."

"போட்டி முடியட்டும்" என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

வெளிர் ரோஜா.

பிப்ரவரி 19, வியாழன்

வைக்கோல் நிறம்! கழிப்பறை ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துப் பாடினேன். கனகா உள்ளேயிருந்து, "கதவைச் சாத்திட்டுப் பாடுங்க" என்றாள்.

பிப்ரவரி 28, சனி

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை நடந்ததை வரிசையாக எழுத இன்றுதான் தெம்பு வந்தது.

அன்று காலையிலிருந்தே மறுபடி சிவப்பு. மத்தியானத்துக்கு மேல் போகவேயில்லை. முட்டுகிறது, ஆனால் ஒரு சொட்டு வரவில்லை. சாயங்காலம் போர்டுக்கு முன் உட்கார்ந்தேன். அடிவயிறு கல்லாகிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரைக்கரை அடித்தால் கோணலாகப் போனது. நேராக இருந்த காய்கூட விழவில்லை.

"இன்னா ஆச்சு?"

"கேஸ். உன் பட்டாணி சுண்டல்."

கனகா என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் என் பழைய ஆஸ்பத்திரி ஃபைல், இன்னொரு கையில் துண்டும் பேடும் வைத்த பை.

"ஆட்டோ வாசல்ல நிக்குது. எழுந்திருங்க."

ஏறி உட்கார்ந்ததும் ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னாள். பிறகு போனில், "டாக்டர் நிலோஃபர் மேடமா? நான் எத்திராஜ் வீட்லேர்ந்து பேசறேன். ரத்தக் கட்டி அடைச்சிக்கிச்சுன்னு நெனைக்கிறேன். நீங்க அன்னிக்கு சொன்னீங்கல்ல, அதான் கூட்டினு வர்றோம்" என்றாள்.

வலி ஒரு பக்கம். வாய் பிளந்தது ஒரு பக்கம்.

"அன்னிக்குன்னா? எப்போலேர்ந்து தெரியும் உனுக்கு?"

"சைக்கிள் டயர் மாத்தப் போனீங்களே, அப்போலேர்ந்து. பழைய ஃபைல்ல என் நம்பர்தான இருக்குது? நீங்க டோக்கன் வாங்குனதும் எனக்கு மெசேஜ் வந்துச்சு. கேமரா டெஸ்ட்டுக்கு வந்துச்சு. உங்க மூச்சு கிளாஸுக்கு டெய்லி வருது, பருத்தித் துணி போட்டு வாங்க, எண்ணெய் தேய்க்காதீங்கன்னு."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

"உன் மேட்சு..."

"தெரியும்." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ரிசல்ட் வர்ற வரைக்கும் எனக்கும் தூக்கம் இல்ல. நீங்க வூடு பூரா பெயின்ட் அடிச்சினு இருந்தீங்க, நான் உக்காந்து வெங்காயம் உரிச்சினு இருந்தேன். அப்புறம் மேடத்துக்குப் போன் பண்ணேன், ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க. என்கிட்ட மறைக்கிறதுல நீங்க எவ்ளோ தெம்பா இருந்தீங்க தெரியுமா? பாட்டு வேற. அதை இன்னாத்துக்குக் கெடுக்கணும்?"

வேகத்தடையில் ஆட்டோ தூக்கிப் போட்டது. நான் கத்தியதில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். கனகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. ஆனால் அவள் கை ஜில்லென்று இருந்தது.

குழாய் போட்டுக் கழுவி, உறைந்த ரத்தக் கட்டிகளை எடுத்தார்கள். அடுத்த நாள் மயக்கம் கொடுத்து, கசிந்த இரண்டு இடத்தையும் சுட்டு அடைத்தார்கள். விழித்துப் பார்த்தபோது ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், இன்னொரு குழாய் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கனகா, பையில் சேரும் நிறத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு.

"ரூஹ் அஃப்ஸா சர்பத் கலர். நேத்து நவரத்னா எண்ணெயாட்டம் செக்கச்செவேல்னு இருந்துச்சு" என்றாள்.

பெயின்ட் பிரிவில் என்னோடு வேலை செய்திருக்க வேண்டியவள்.

மார்ச் 1, ஞாயிறு

குழாயை எடுத்துவிட்டார்கள். தானாகப் போனேன், தெளிவாக. கனகா கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வந்ததும் வராததுமாகச் சொன்னாள். "திருச்சிக்குப் போகலன்னு அசோசியேஷனுக்குப் போன் பண்ணப் போறேன்."

"பண்ணு. நானும் பிராணவாயு அறைக்குப் போன் பண்ணி, வரலன்னு சொல்லிடறேன்."

"வெளையாடாதீங்க."

"நீ வெளையாடு. அதுக்காகத்தான் இத்தனையும்."

முறைத்தாள். நான் முறைக்கவில்லை, பலம் இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் தன் ஆட்காட்டி விரலையே தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிபந்தனை வைத்தாள். நானும் கூட வர வேண்டும். இனிமேல் எதையும் மறைக்கக் கூடாது. வந்தால் வந்தது என்று சொல்ல வேண்டும். அடக்கக் கூடாது.

மூன்றுக்கும் ஒப்புக்கொண்டேன். நாளையிலிருந்து மறுபடி பிராணவாயு.

மார்ச் 6, வெள்ளி

அந்தோணிராஜுக்கு இன்றோடு முடிந்தது. தெளிந்துவிட்டது. எல்லாருக்கும் இறால் வறுவல் கொண்டுவந்திருந்தார். எண்ணெய் என்பதால் வாசலிலேயே பிடுங்கி வைத்துவிட்டார்கள். வெளியே வந்து நின்றுகொண்டே சாப்பிட்டோம். கனகாவும் வந்திருந்தாள்.

"அண்ணி, உங்க ஊட்டுக்காரரு உங்ககிட்ட மறைக்கிறதா நெனச்சினு இருந்தாரே, அந்த அழகு இருக்குதே!" என்றார் அவர். கனகா புரையேறச் சிரித்தாள். வாலுள்ள இறாலாக எனக்கு எடுத்துப் போட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

டாக்டர் நிலோஃபர் திருச்சிக்கு அனுமதி கொடுத்துவிட்டார். முழுதாகத் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். சொல்ல முடியாது, மறுபடி கசியலாம், கசிந்தால் மறுபடி பார்ப்போம் என்றார். கனகா, "அவ்ளோதான, பார்த்துக்கலாம்" என்றாள். ஸ்டேஷனில் எந்த நடைமேடையில் கழிப்பறை என்று விசாரித்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 14, சனி

திருச்சி. காலிறுதி தாண்டிவிட்டாள்! அரையிறுதியும் தாண்டிவிட்டாள்! விடுதிச் சாம்பார் மட்டம். தூக்கம் வராது.

மார்ச் 15, ஞாயிறு

இறுதி ஆட்டம் மதுரை ஜெயசீலியோடு. ரிட்டையரான டீச்சர். ஒல்லி, சிரிக்கவே மாட்டார். காய் போகும் வேகத்தைப் பார்த்தால் அவரிடம் படித்த பிள்ளைகள் பாவம் என்று தோன்றியது. முதல் கேம் கனகா. இரண்டாவது ஜெயசீலி. மூன்றாவது கேமில், வெற்றிக்கு இருபத்தைந்து என்றால், இருவரும் இருபதைத் தாண்டிவிட்டார்கள். அரங்கில் சத்தமே இல்லை, மின்விசிறி மட்டும்.

நான் கதவோரம் கடைசி நாற்காலி. பார்லித் தண்ணீர் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. இன்னும் ஒரு சுற்றுதானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று காலைப் பின்னிக்கொண்டேன். ஜெயசீலி ஒரு காயைத் தவறவிட்டார். கனகாவின் முறை. போர்டில் அவளுக்கு மிச்சம் இரண்டு காய், நடுவில் ராணி.

ஸ்ட்ரைக்கரை வைத்தாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். என் பக்கம் பார்த்தாள். என் கால் பின்னியிருந்த விதத்தைப் பார்த்தாள். மோவாயால் கதவைக் காட்டினாள்.

நான் தலையசைத்து, பரவாயில்லை என்றேன்.

மறுபடி காட்டினாள். இந்த முறை புருவமும் சேர்ந்துகொண்டது. நடுவர், "மேடம், டைம்" என்றார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பத்து வருடமாக இந்தப் பார்வைக்குப் பயந்துதான் நான் சபைகளிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் நழுவிக்கொண்டிருந்தேன்.

எழுந்து நின்றேன். "பாத்ரூம்" என்று அவர்கள் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தேன்.

வராந்தாக் கடைசி. நின்றேன். தாராளமாக, தடையில்லாமல், பளிங்குபோலத் தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது. பாதியில் அரங்கிலிருந்து கைதட்டல் கேட்டது. பெரிய கைதட்டல். யாருக்கு என்று தெரியாமல் அவசரமாக முடித்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு வெளியே ஓடி வந்தேன்.

ஆண்கள் கழிப்பறை வாசலிலேயே கனகா நின்றிருந்தாள். கையெல்லாம் பவுடர். மூச்சு வாங்கியது.

"யாருக்குக் கை தட்டுனாங்க?"

"எனக்குத்தான். ராணிய எடுத்து கவர் பண்ணிட்டேன். அதே கையில கடைசிக் காயும்." உதடு துடித்தது. "நீங்க பார்க்கலியேன்னு சொல்ல வந்தேன். அங்க கப்பு குடுக்கக் கூப்புடறாங்க."

அவள் இரண்டு கையையும் பிடித்தேன்.

"தெளிவாப் போச்சா?" என்று கேட்டாள்.

"தண்ணி மாதிரி."

அப்போதுதான் சிரித்தாள். சிரித்தவள், பிடித்திருந்த என் கைகளைக் குனிந்து பார்த்தாள்.

"கை கழுவினீங்களா?"

கழுவவில்லை. இருவரும் சேர்ந்து போய்ப் பொதுக் குழாயில் கை கழுவிக்கொண்டு, கோப்பை வாங்கப் போனோம்.